வீட்டுக்குப் போன பிறகு நடந்தது: தமிழ்நாடு மாரடைப்பு ஆய்வு பற்றி

2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் தமிழ்நாட்டு மாரடைப்பு நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அதை முன்னின்று நடத்தியவர்கள் இருவர்: கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி. இருவருமே அடைப்பை பலூன் வைத்துத் திறந்து ஸ்டென்ட் போடும் இதய மருத்துவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஆய்வுக்கு உட்கார்ந்தால் புது ஸ்டென்ட், புது மருந்து, புது இமேஜிங் என்றுதான் வழக்கமாகப் போவார்கள். இவர்கள் எடுத்துக்கொண்டதோ ஆம்புலன்ஸ், இ.சி.ஜி., காப்பீட்டு அட்டை, சின்ன ஆஸ்பத்திரிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

சென்னையில் பொது சுகாதாரம் படிக்க வருபவர்களுக்கு நான் இந்த ஆய்வைப் பாடமாக எடுப்பதுண்டு. முடிவை மட்டும் சொன்னால் 'நல்ல திட்டம், உயிர்கள் காப்பாற்றப்பட்டன' என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எண்களை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினால்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். காரணம், எதிர்பார்த்த இடத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் வந்தது வேறு இடத்தில்.

கேள்வி எங்கிருந்து வந்தது

மாரடைப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி 1980-களிலேயே பெரும்பாலும் முடிந்துபோனது. 1980-ல் அமெரிக்க மருத்துவர் மார்கஸ் டிவுட், மாரடைப்பு வந்து நான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்ப்பது) எடுத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் முழுவதுமாக அடைத்திருந்ததைக் காட்டினார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1977-ல், ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் செய்த சோதனையில், அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை உள்சுவரிலிருந்து வெளிச்சுவரை நோக்கிப் படிப்படியாகச் சாகிறது என்று தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் விஷயம் எளிது: குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரை, அல்லது குழாயைத் திற, அதையும் சீக்கிரம் செய்.

1988-ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வு அதை 17,187 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஆஸ்பிரின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் காரணங்களால் இறந்தவர்கள் 8 சதவீதம். இரண்டும் கொடுக்கப்படாதவர்களில் 13.2 சதவீதம். ஆஸ்பிரினின் விலை எல்லோருக்கும் தெரியும்.

சரி, மருந்து இருக்கிறது, அது வேலை செய்கிறது என்றும் தெரியும். அப்புறம் நம் ஊரில் என்ன நடந்தது?

நோய் இருக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருந்தது. 1990-களின் பின்பாதியில் நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் தி. நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2001-ல் வெளியானது. பரிசோதித்த 1,262 பேரில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் 21.4 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவர். 2004-ல் வந்த, 52 நாடுகள் பங்கேற்ற இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவு இன்னொன்றையும் காட்டியது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. வேலையில் இருக்கும்போது, கடைசிப் பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது வருகிற நோய் இது.

ஆனால் என்னைக் கேட்டால், 2017 ஆய்வுக்கு உண்மையான விதை 2008-ல் லான்செட் இதழில் வந்த, ஆஸ்பத்திரிக்கு வந்த மாரடைப்பு நோயாளிகளைப் பதிந்துவைத்த கிரியேட் பதிவேடு. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் இருந்து 20,468 நோயாளிகள். வலி தொடங்கி மருத்துவமனைக்கு வந்து சேர ஆன இடைநிலை நேரம் (பாதிப் பேர் அதற்குள், பாதிப் பேர் அதற்கும் பிறகு) 360 நிமிடம். ஆறு மணி நேரம்! வாசலுக்குள் நுழைந்த பிறகு கட்டி கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம்தான். முப்பது நாளில் ஏழைகளில் 8.2 சதவீதம் பேர் இறந்தார்கள், வசதியானவர்களில் 5.5 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே ஒரு வரி உண்டு. மாணவர்களிடம் அதை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். நோயின் கடுமை, பீடி சிகரெட் பழக்கம், வேறு வியாதிகள் என்றெல்லாம் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். இடைவெளி மறையவில்லை. கொடுக்கப்பட்ட சிகிச்சையைக் கணக்கில் சேர்த்தவுடன் இடைவெளி மறைந்துவிட்டது. ஏழைகளின் உடம்பில் கோளாறு எதுவும் தனியாக இல்லை. கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒரு வரியைப் படித்த இதய மருத்துவருக்கு முன்னால் இரண்டு வழிகள். 'இது அரசாங்கத்தின் வேலை' என்று, ஆஞ்சியோவும் பலூன் சிகிச்சையும் செய்கிற அறையான கேத் லேபுக்குத் திரும்பிப் போகலாம். அல்லது சிகிச்சை கிடைக்கும் பாதையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பாதை

பாதை என்று சொன்னால் அது என்ன என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே ஒரு தாலுகா ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு ஐம்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் வருகிறார். நெஞ்சு நடுவில் பாரம், இடது தோள் இழுக்கிறது, வேர்வையில் சட்டை நனைந்திருக்கிறது. கூட வந்த மகன், "அப்பாவுக்கு கேஸ்தான் சார், மத்தியானமே சோடா குடிச்சாரு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோம்" என்கிறார். மத்தியானத்திலிருந்து பத்து மணி வரை எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

டூட்டி டாக்டர் இ.சி.ஜி. எடுக்கிறார். நெஞ்சின் முன்பக்க வரைகோடுகளில், வி1-லிருந்து வி4 வரை, எஸ்.டி. என்ற பகுதி மேலே ஏறியிருக்கிறது, அதாவது இதயத்தின் முன்சுவருக்குப் போகும் பெரிய குழாய் அடைத்திருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றுகிறார்கள், 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம். நடுவில் பி.பி. இறங்குகிறது. சிஸ்டர் சொட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டு காலைத் தூக்கி வைக்கிறார். மெல்ல வலி குறைகிறது.

இதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. பழைய பாதை இதோடு முடிந்துவிடும் என்பதுதான் கதையே. சில நாள் வார்டில் படுக்கை, பிறகு டிஸ்சார்ஜ். கையில் ஒரு சீட்டு: 'ஆஞ்சியோவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்.' மகன் கேட்பார், "எவ்வளவு சார் ஆகும்?" டாக்டருக்கும் தெரியாது. யார் அழைத்துப் போவது, எந்த ஆஸ்பத்திரி, படுக்கை இருக்குமா என்று எதற்கும் அந்தச் சீட்டில் பதில் கிடையாது. வலிதான் போய்விட்டதே. பொங்கல் முடியட்டும், அறுவடை முடியட்டும், பெண் கல்யாணம் முடியட்டும் என்று சீட்டு பீரோவுக்குள் போய்விடும்.

ஊசி கட்டியைக் கரைக்கும், சில நேரம் கரைக்காது. கரைத்தாலும் கீழே இருக்கிற கொழுப்புப் படிவும் வெடிப்பும் அப்படியே இருக்கும். அந்த இடம் மறுபடி அடைக்கலாம். ஊசி போட்ட பிறகு ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. ஊசி வேலை செய்யவில்லை என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க முடியாது. 2013-ல் ஸ்ட்ரீம் என்ற பன்னாட்டு ஆய்வு, வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தும் ஒரு மணி நேரத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்காதவர்களிடம் இந்த இரண்டு கட்ட முறையைச் சோதித்தது. நேரடியாக பலூன் வைத்தவர்களுக்கு இணையான பலன் கிடைத்தது. ஆனால் ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், 36 சதவீதம் பேருக்கு, அவசரமாக கேத் லேபுக்குப் போக வேண்டி வந்தது. அந்த மூன்றில் ஒருவர் நம் தாலுகா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்? இந்தக் கேள்விக்கு மருந்துக் கம்பெனியிடம் பதில் இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் காப்பீட்டு அலுவலரிடமும்தான் இருக்கிறது.

என்ன செய்தார்கள்

திட்டத்துக்கு முன்பும் பின்புமாகத் தரவு சேகரிப்பு 2012 ஆகஸ்டில் தொடங்கி 2014 ஜூன் வரை போனது. பலூன் சிகிச்சை வசதி உள்ள நான்கு பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி 35 சிறிய மருத்துவமனைகளைக் கோத்தார்கள். சிறிய இடத்தில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய இடத்துக்குப் போகும். யாரை நேராகக் கொண்டுவருவது, யாருக்கு அங்கேயே ஊசி போட்டுவிட்டுக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே விதி வகுத்திருந்தார்கள். ஊசி போட்டவரையும் மறுநாளுக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்பியாக வேண்டும். பீரோவுக்குள் போகிற சீட்டு இங்கே கிடையாது.

தமிழ்நாட்டில் இது ஓரளவு சாத்தியமானதற்குக் காரணம், தேவையான இரண்டு சாமான்கள் ஏற்கெனவே இங்கே இருந்தன. 108 ஆம்புலன்ஸ் 2008-லேயே வந்துவிட்டது. அரசு மருத்துவக் காப்பீடு 2009-ல் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விரிந்தது. வறுமைக் கோட்டில் இருக்கிற குடும்பம் தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை இல்லாவிட்டால், இந்த ஆய்வும் கிரியேட் சொன்னதையே இன்னொரு முறை சொல்லியிருக்கும். இதய மருத்துவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் கொஞ்சம் இந்த இரண்டு திட்டங்களைக் கட்டியவர்களுக்கும் போக வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

திட்டத்துக்கு முன் 898 பேர், திட்டத்துக்குப் பின் 1,522 பேர், மொத்தம் 2,420 நோயாளிகள். சராசரி வயது 55-க்குச் சற்றுக் கீழே.

பலகையில் எழுதும் எண்கள்

முதலில், குழாயைத் திறக்கும் சிகிச்சை, ஊசியோ பலூனோ ஏதாவது ஒன்று, எத்தனை பேருக்குக் கிடைத்தது? முன்பு 88.5 சதவீதம், பின்பு 90.1 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அந்தச் சிகிச்சை தொடங்க ஆன நேரம்? அதிலும் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்கள்? 5.8 சதவீதம், பிறகு 5.6. அதுவும் அப்படியேதான்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர், "அப்போ திட்டம் ஃபெயிலா சார்?" என்று கேட்டே தீருவார். நியாயமான கேள்விதான். 'நேரம்தான் உயிர்' என்று போஸ்டரில் எழுதி ஒட்டுகிறோம். நேரமும் குறையவில்லை, ஆஸ்பத்திரி இறப்பும் குறையவில்லை.

அடுத்த வரி: ஆஞ்சியோகிராம் எடுத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக ஏறினார்கள். பலூன், ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 46-க்கு. அதற்கடுத்து, ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள்: 17.6 சதவீதம், பிறகு 14.2 சதவீதம்.

இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். திட்டத்துக்கு முன், ஓராண்டில் இறந்தவர்கள் 134 பேர். அதில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 52. மிச்சம் 82 பேர் டிஸ்சார்ஜ் ஆகி, மாலை மரியாதை இல்லாவிட்டாலும் பழம் வாங்கிக்கொண்டு உறவினர்கள் வந்து பார்த்துப் போன பிறகு இறந்தவர்கள். திட்டத்துக்குப் பின், நோயாளிகள் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. ஓராண்டில் இறந்தவர்கள் 179, ஆஸ்பத்திரியில் 85, வீட்டுக்குப் போன பிறகு 94. மடங்குக் கணக்குப்படி போனால் அந்த 94 ஏறக்குறைய 140 ஆக இருந்திருக்க வேண்டும்.

ஆக, இந்த ஆய்வில் தெரிகிற பலன் முழுக்க முழுக்க வீட்டுக்குப் போன பிறகு வந்த பலன். முதல் பயணம், அதாவது வீட்டிலிருந்து முதல் ஆஸ்பத்திரிக்குப் போவது, முன்பு போலத்தான் இருந்தது. மாறியது இரண்டாவது பயணம், சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கேத் லேபுக்கு. மாரடைப்பு என்றால் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிற நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

எவ்வளவு நம்பலாம்

நான் இதை ரொம்பவும் தூக்கிப் பிடிப்பதாகத் தோன்றினால், எதிர்ப்பக்கமும் இருக்கிறது.

இது முன்-பின் ஒப்பீடு. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை ஒரு பக்கம் போட்ட ஆய்வு அல்ல. அதே இரண்டு வருடத்தில் சிகிச்சை பொதுவாகவே முன்னேறியிருக்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தவறாமல் போட்டவர்கள் அதிகமாகியிருக்கலாம். வயது, சர்க்கரை போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகும் முன்-பின் இறப்பை ஒப்பிடும் விகிதம் 0.76 என்று வருகிறது (ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை, ஒன்றுக்குக் கீழே என்றால் இறப்பு குறைந்தது). ஆனால் அதன் நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, 0.58-லிருந்து 0.98 வரை. மேல் எல்லை ஒன்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதோடு, ஒரு வருடம் கழித்து எல்லோரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சதவீதத்தையும் இறந்தவர் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டாலே அது தெரிந்துவிடும்: 17.6 சதவீதம் 134 பேர் என்றால் மொத்தம் 760 பேர் சுமார், 898 இல்லை. காணாமல் போனவர்களில் யார் இறந்தார்கள் என்பது முடிவை எந்தப் பக்கமும் நகர்த்தலாம். நான் மேலே போட்ட 140 என்ற கணக்கும் இதே சந்தேகத்துக்கு உட்பட்டதுதான்.

ஆய்வாளர்களும் அளந்துதான் பேசியிருக்கிறார்கள். பலூன் சிகிச்சை அதிகமானதை உறுதியாகச் சொன்னார்கள். ஓராண்டு இறப்பைப் பற்றிச் சொல்லும்போது 'குறைக்கக்கூடும்' என்றே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எண்களைத் துண்டு துண்டாக வெட்டி ஏதாவது கிடைக்காதா என்று தேடும் ஆசை எல்லா ஆய்வாளர்களுக்கும் வரும். அப்படித் தேடினால் தற்செயலும் உண்மைபோலத் தெரியும் என்று காட்டத்தான் ஐசிஸ்-2 குழு ஒரு குறும்பு செய்தது. நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் கெடுதல் செய்வதுபோல வந்தது! நம் ஊரில் அதை யாராவது நிஜமாகவே நம்பி, மாத்திரை கொடுக்குமுன் ஜாதகம் கேட்டிருப்பார்கள்.

எனக்கு இருக்கும் பெரிய சந்தேகம் வேறு. 2,420 பேரில் பெண்கள் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான். பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடப் பல வருடம் தாமதமாக வருகிறது, இன்டர்ஹார்ட் கணக்கில் சராசரியாக ஒன்பது வருடம். அதனால் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் ஆறில் ஒன்று என்பதை வயது மட்டுமே விளக்கிவிடுமா? பெண்களுக்கு வலி முதுகிலோ தாடையிலோ, வெறும் அசதியாகவோ மூச்சிரைப்பாகவோ வரலாம். 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல' என்பதோடு வீட்டில் முடிந்துபோகும் மாரடைப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எண்ணத் தொடங்குகிற எந்த ஆய்வுக்கும் இது தீராத குறை. மோகன் குழுவினர் செய்ததுபோல வீடு வீடாகப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பெண்கள் கண்ணில் படுவார்கள்.

ஆய்வு வாழ்க்கை பற்றி இது சொல்வது

இந்தத் தொழிலில் பெயர் வாங்கும் வழி பெரும்பாலும் கைத்திறமை. சென்னைக்கு அதில் நீண்ட பாரம்பரியம் உண்டு. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. பலூன் சிகிச்சையை 1977-ல் சூரிச்சில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக்கிடமே கற்றுக்கொண்டு வந்து சென்னையில் வேரூன்ற வைத்தவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். 'முதன்முதலாக' என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தும். 35 சின்ன ஆஸ்பத்திரிகளின் டூட்டி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, படிவம் நிரப்ப வைத்து, ஒரு வருடம் கழித்து நோயாளி வீட்டுக்குப் போன் போட்டு 'இருக்கிறாரா' என்று கேட்கிற வேலையில் 'முதன்முதலாக' எதுவும் கிடையாது. ஸ்டென்ட் வைக்கத் தெரிந்த இருவர் தங்கள் நேரத்தை அதில் போட்டார்கள் என்பதே இந்த நிகழ்வில் எனக்கு முக்கியம். ஒரு நாளில் கேத் லேபில் சில பேருக்குத்தான் செய்ய முடியும். கேத் லேபுக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதை மாற்றினால் கணக்கே வேறு.

ஆய்வு தொடாமல் விட்ட முதல் பயணத்தை அரசு பிறகு வேறு பக்கத்திலிருந்து தொட்டது. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். ஐசிஸ்-2 முடிந்து 35 வருடம் கழித்து அந்த மாத்திரை துணை நிலையத்துக்கு வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் சரியான இடம். மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்குகிற தூரத்திலேயே இதுவும் இப்போது கிடைக்கிறது.

இதைப் பற்றி ஆய்வு செய்யப்போகிற மாணவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த 24 மணி நேரத்தில் கேத் லேப் உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்களை அழைத்து வந்தது யார் என்பதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் போடுங்கள். கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் போட்டால் அது மருந்துக் கிடங்குக் கணக்கு.